இன்னும் பத்து வருஷம் கிடைத்திருந்தால்

“சுர்கூஃபுக்கு இன்னும் பத்து வருஷம் கிடைத்திருந்தால் வங்கக் கடலை விட்டே வெள்ளைக்காரன் மூட்டை கட்டியிருப்பான்.” புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்தைப் பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும், நன்றியுரைக்கு முன்னால் யாராவது ஒருவர் எழுந்து இதைச் சொல்லிவிடுகிறார். கைதட்டல் நிச்சயம். சொல்பவர் மாறுவார், வாக்கியம் மாறாது. சமீபத்தில் ஒருவர் ஒருபடி மேலே போய் அவரை “வங்கக் கடலின் விடுதலை வீரர்” என்றே அறிவித்தார். சுர்கூஃபும் வெள்ளைக்காரர்தான் என்பது மட்டும் அந்த அரங்கில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

ராபர்ட் சுர்கூஃப் 1773இல் சேன் மாலோவில் பிறந்தவர். பிரைவேட்டியர் கப்பல் தலைவர். அதாவது, போர்க்காலத்தில் எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைப் பிடித்துக்கொள்ள அரசு எழுதிக் கொடுத்த சீட்டுடன் கடலுக்குப் போன தனியார் முதலாளிகளின் ஆள். முதலாளிகள் பணம் போட்டுக் கப்பலைத் தயார் செய்வார்கள். பிடித்த கப்பலும் சரக்கும் நீதிமன்றத்துக்கு வரும். முறையாகப் பிடித்ததுதான் என்று தீர்ப்பானால் ஏலம் போகும். செலவு கழித்து மிஞ்சியது முதலாளிக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரியும். வீரம் தேவைப்பட்ட தொழில்தான், மறுக்கவில்லை. ஆனால் பங்குதாரர்களையும் கணக்குப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு நடந்த தொழில்.

மேடைப் பேச்சாளரின் வாதங்களை அவர் அடுக்கும் வரிசையிலேயே பார்த்துவிடலாம்.

முதல் வாதம், சுர்கூஃப் புதுச்சேரியின் காவலர் என்பது. புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தது 1793இல். பிரெஞ்சுக்காரரிடம் அது உருப்படியாகத் திரும்பி வந்தது 1816இல். சுர்கூஃப் இந்தக் கடலில் கப்பல் பிடித்ததெல்லாம் 1795க்கும் 1808க்கும் இடையில். காவலர் காவல் காத்த காலம் முழுக்க வீடு எதிரியின் கையில் இருந்திருக்கிறது. அவருடைய தளம் இங்கிருந்து வெகு தூரத்தில், அன்று இல் து பிரான்ஸ் என்று அழைக்கப்பட்ட மொரீஷியஸில். பிடித்த கப்பல்களை அங்கே கொண்டுபோய் விற்றார். புதுச்சேரிக்கு ஒரு மூட்டை அரிசிகூட இறக்கியதாக யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது, அந்தப் புகழ்பெற்ற பதிலடி. ‘நீங்கள் பணத்துக்காகப் போரிடுகிறீர்கள், நாங்கள் மானத்துக்காக’ என்று ஓர் ஆங்கில அதிகாரி சொன்னாராம். ‘எவரெவருக்கு எது இல்லையோ அதற்காகத்தானே போரிடுவார்கள்’ என்று சுர்கூஃப் மடக்கினாராம். நல்ல வசனம். ஆனால் தன் பங்குப் பணத்தைக் கேட்டுப் பாரிஸ் வரை போய் வழக்காடிய மனிதரின் வாயில் இது ஒட்டவில்லை.

அந்த வழக்கையும் சொல்லியாக வேண்டும், மேடையில் அது வராது. 1795இல் ‘எமிலி’ என்ற கப்பலில் அவர் கிளம்பியபோது கையில் பிரைவேட்டியர் சீட்டே இல்லை. தீவின் ஆளுநர் கொடுத்திருந்தது வெறும் வணிகப் பயண அனுமதி. ஆயுதம் வைத்துக்கொள்ளலாம், வேட்டையாடக் கூடாது. அவர் வேட்டையாடினார். 1796 ஜனவரியில் ஹூக்ளி முகத்துவாரத்தில், பிடிபட்ட ஒரு வழிகாட்டிப் படகில் இருபது சொச்சம் ஆட்களை ஒளித்துக்கொண்டு போய், ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஓடிய ‘ட்ரைட்டன்’ என்ற பெரிய கப்பலைப் பிடித்தார். ஹூக்ளியில் நுழையும் எந்தக் கப்பலும் வழிகாட்டிக்காகக் காத்துக் கிடக்கும். அந்தப் படகைக் கண்டதும் ட்ரைட்டனின் தளத்தில் நிம்மதிதான் பிறந்திருக்கும். துணிச்சலில் குறையே இல்லை. ஆனால் ஊர் திரும்பியபோது, சீட்டு இல்லாமல் பிடித்த சரக்கு உனக்கில்லை, அரசுக்கே என்று சொந்த நிர்வாகமே எடுத்துக்கொண்டது. அதற்குத்தான் பாரிஸ் பயணம். விடுதலை வீரர்கள் எத்தனையோ பேரின் வரலாற்றைப் படித்திருக்கிறேன். பங்கு கேட்டு மேல்முறையீடு செய்தவர் இவர் ஒருவர்தான்.

மூன்றாவது, ‘கெண்ட்’ என்ற கம்பெனிக் கப்பல். 1800 அக்டோபர் 7ஆம் தேதி ‘கொன்ஃபியான்ஸ்’ என்ற 18 பீரங்கிக் கப்பலை வைத்துக்கொண்டு அதைவிட இரண்டு மடங்கு பெரிய கெண்டை அவர் பிடித்தார், கெண்டின் தலைவர் ரிவிங்டன் சண்டையில் செத்தார். உண்மை. கெண்டில் இருந்தவர்களில் பலர் பிரேசில் கரையில் எரிந்துபோன ‘குவீன்’ என்ற கப்பலிலிருந்து ஏற்றிக்கொண்ட பயணிகள் என்பதும் உண்மை. அடுத்ததற்குப் போவோம்.

நான்காவது வாதம்தான் எனக்குச் சிரிப்பு மூட்டுவது: “கம்பெனியின் வணிகக் கப்பல்கள் பிரெஞ்சுக் கொடியைக் கண்டாலே நடுங்கின.” 1804 பிப்ரவரி மாதம், மலாய்த் தீபகற்பத்தின் கிழக்கே புலோ ஔரா தீவுக்கு அருகில் நடந்ததைக் கேளுங்கள். சீனாவிலிருந்து தேயிலையும் பட்டும் ஏற்றிக்கொண்டு கம்பெனியின் 16 பெரிய கப்பல்களும், கூடவே வேறு பல வணிகக் கப்பல்களும் வந்துகொண்டிருந்தன. சரக்கின் மதிப்பு 80 லட்சம் பவுன். துணைக்கு ஒரு போர்க்கப்பல்கூட இல்லை. எதிரே அட்மிரல் லினுவா, 74 பீரங்கிகள் கொண்ட ‘மாரெங்கோ’வும் மற்றப் போர்க்கப்பல்களுமாக. வணிகக் கப்பல்களின் மூத்த தலைவர் நத்தானியேல் டான்ஸ் என்ன செய்தார்? சில கப்பல்களில் கடற்படையின் நீலக் கொடியை ஏற்றச் சொன்னார், அணிவகுத்து நிற்கச் சொன்னார், பிறகு நேராக எதிரியை நோக்கியே திருப்பினார். சிறிது நேரம் குண்டு பரிமாறியதும் லினுவா திரும்பி ஓடினார். தேயிலைக் கப்பல்கள் அவரை இரண்டு மணி நேரம் துரத்தின. சரக்குக் கப்பல்கள் போர்க்கப்பல்களைத் துரத்திய காட்சி கடல் வரலாற்றில் அடிக்கடி கிடைக்காது. பம்பாயின் காப்பீட்டுக் கம்பெனி டான்ஸுக்கு 5,000 பவுன் அன்பளிப்புக் கொடுத்தது. லினுவா பிரைவேட்டியர் அல்ல, அரசுக் கடற்படையின் அட்மிரல், எனவே இது கணக்கில் சேராது என்று பேச்சாளர் சொல்லக்கூடும். அட்மிரலுக்கே நடுங்காதவர்கள் என்றுதான் நான் படித்துக்கொள்கிறேன்.

இனி அந்தப் “பத்து வருஷம்”. மற்றதெல்லாம் மேடை மசாலா என்று விட்டுவிடலாம், இதை விட முடியாது. இது ஏதோ கணக்குப் போட்டுச் சொல்வது போலத் தொனிக்கிறது. கணக்கையே போட்டுப் பார்ப்போம், ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு.

அந்தக் கப்பலின் பெயர் ‘லார்ட் நெல்சன்’. 1799இல் நீரில் இறங்கியது, சுமார் 800 டன். கம்பெனியின் கப்பல் என்று சொன்னாலும் கம்பெனிக்குச் சொந்தமல்ல. லண்டன் முதலாளிகள் கூட்டாகக் கட்டிக் கம்பெனிக்கு வாடகைக்கு விடுவார்கள், கம்பெனி பயணத்துக்குப் பயணம் ஒப்பந்தம் போடும். போக வர ஒரு பயணம் என்றால் ஒன்றரை, இரண்டு வருஷம். நாலைந்து பயணம் நல்லபடியாக முடித்தால் அது போதுமான ஆயுள்.

1803 ஆகஸ்டில் கிழக்கிலிருந்து திரும்பி, ஊருக்குச் சில நாள் தூரத்தில் இருந்தபோது, பிஸ்கே வளைகுடாப் பக்கம் ‘பெல்லோன்’ என்ற பிரெஞ்சு பிரைவேட்டியர் கப்பல் அதை மறித்தது. லார்ட் நெல்சனில் 26 பீரங்கிகள். ஆட்கள் நூறு சொச்சம், கூடச் சில பயணிகள். பெல்லோனில் 34 பீரங்கிகள், ஆட்களோ சுமார் 260. இங்கேதான் ரகசியம் இருக்கிறது. சரக்குக் கப்பலின் வயிறு முழுக்கச் சரக்கு. ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளிக்குச் செலவு, ஆகவே பாயை இழுக்கப் போதுமானவர்களைத்தான் வைப்பார். பீரங்கிகள் இருக்கும், அத்தனையையும் ஒரே நேரத்தில் இயக்க ஆள் இருக்காது. போதாததற்கு, இந்தியத் துறைகளில் கடற்படை அதிகாரிகள் ஏறி நல்ல மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிரைவேட்டியர் கப்பலோ நேர்மாறு. சரக்கு கிடையாது, தளம் முழுக்க ஆட்கள். பீரங்கியால் உடைப்பது அவர்கள் நோக்கமல்ல, உடைந்த கப்பல் ஏலத்தில் என்ன விலை போகும்? பக்கத்தில் ஒட்டி, தாவி ஏறி, முழுசாகப் பிடிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரச் சண்டையில் லார்ட் நெல்சனின் ஆட்கள் முதல் முறை ஏறியவர்களைத் தள்ளிவிட்டார்கள். அடுத்த முறை முடியவில்லை.

மேடையாக இருந்தால் கதை இங்கேயே முடியும், கைதட்டலும் விழும். கடலில் இங்கேதான் தொடங்குகிறது. பிடித்த கப்பலைத் துறைக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். பெல்லோன் தன் ஆட்களில் 41 பேரை லார்ட் நெல்சனில் ஏற்றி, ஸ்பெயினின் கொருனா துறைக்குத் திருப்பிவிட்டது. இரண்டு கப்பலும் சேர்ந்தே போயின, ஆனால் ஓர் ஆங்கிலப் போர்க்கப்பல் கண்ணில் பட, அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பெல்லோன் விலகியது. தனியாகிப்போன லார்ட் நெல்சனை வழியில் ஓர் ஆங்கிலப் பிரைவேட்டியர் வந்து சீண்டிப் பார்த்தது. (ஆம், அவர்களிடமும் பிரைவேட்டியர்கள் உண்டு. அவர்களுக்கு நம் மேடைகளில் என்ன பட்டம் என்று தெரியவில்லை.) பிறகு ‘சீகல்’ என்ற சிறிய போர்க்கப்பல் வந்து மணிக்கணக்கில் மோதியது, அடி வாங்கிப் பின்வாங்கியது, ஆனால் விட்டுவிடவில்லை. அதற்குள் பெரிய ஆங்கிலப் போர்க்கப்பல்களின் பாய்கள் தெரிந்தன. 41 பேரும் கொடியை இறக்கினார்கள். ஆகஸ்ட் 14இல் பிடிபட்ட கப்பல் அந்த மாதம் முடியும் முன்பே ஆங்கிலேயர் கையில். மீட்ட போர்க்கப்பல்களுக்குச் சட்டப்படி மதிப்பில் எட்டில் ஒரு பங்கு. மீதி பழைய சொந்தக்காரர்களுக்கு. லார்ட் நெல்சன் பழுதுபார்க்கப்பட்டு மறுபடி கிழக்கே கிளம்பியது.

இப்போது பெல்லோனின் கணக்கைப் பாருங்கள். வென்றது அதுதான். கையில் கப்பலும் இல்லை, 41 ஆட்களும் இல்லை. ஒவ்வொரு வெற்றியும் பிரைவேட்டியர் கப்பலிலிருந்து இப்படி இருபது, நாற்பது பேரைக் கழித்துக்கொண்டே போகும். ஐந்தாறு கப்பல் பிடித்தால் தன் பாயை இழுக்கவே ஆள் குறையும், ஊர் திரும்ப வேண்டியதுதான். சுர்கூஃபுக்கும் இதே கதிதான். வங்கக் கடலில் பிடித்ததை மொரீஷியஸ் வரை பூமத்தியரேகை தாண்டிக் கொண்டுபோக வேண்டும். அவரவர் ஆட்களின் எண்ணிக்கைதான் அவரவர் வெற்றிக்கு எல்லை. பத்து வருஷம் என்ன, நூறு வருஷம் கொடுத்தாலும் இந்தக் கழித்தல் மாறாது. கம்பெனிக்கோ அடுத்த பருவத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும் கப்பல்கள் லண்டனில் காத்துக்கொண்டிருந்தன. சுர்கூஃப் நாற்பதுக்கு மேல் கப்பல் பிடித்தார் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதில் கம்பெனியின் இந்த ரகப் பெரிய கப்பல்கள் ட்ரைட்டன், கெண்ட் என்று இரண்டுதான்.

லார்ட் நெல்சனின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அது நம் ஊரிலிருந்து கிளம்பிய பயணம். 1808 அக்டோபர் கடைசி. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், மூட்டையும் மனிதரும் மசூலா படகில் அலையைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தக் கரையில் கப்பலை நிறுத்தி வைக்கவே தலைவர்கள் பயப்படுவார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ‘ஆல்பியன்’ என்ற 74 பீரங்கிப் போர்க்கப்பலின் துணையோடு கம்பெனிக் கப்பல்கள் கூட்டமாகச் சென்னையை விட்டன. பிரைவேட்டியர்களுக்கு எதிராக இதைவிடப் பெரிய காவல் கேட்க முடியாது. நவம்பர் 20ஐ ஒட்டி, தெற்கே இந்தியப் பெருங்கடலில், சூறாவளி பிடித்தது. லார்ட் நெல்சன், ‘குளோரி’, ‘எக்ஸ்பெரிமென்ட்’ மூன்றும் ஆளோடும் சரக்கோடும் போயின. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. அடுத்த மார்ச்சில் இன்னொரு கூட்டத்தில் இன்னொரு சூறாவளி, அதில் நான்கு கப்பல்கள். ஐந்தே மாதத்தில் ஏழு. இந்த ரகத்தில் சுர்கூஃப் வாழ்நாள் முழுக்கப் பிடித்தது இரண்டு. கம்பெனியை நடுங்க வைத்தவருக்குத்தான் விழா எடுக்க வேண்டுமென்றால் காற்றுக்கு எடுங்கள். காற்று பிடித்த கப்பலுக்கு ஏலமும் இல்லை, மீட்பும் இல்லை, எட்டில் ஒரு பங்கும் இல்லை.

கம்பெனிக்கு நஷ்டமே இல்லை என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, கல்கத்தா வணிகர்கள் கூச்சல் போட்டார்கள். அந்த நஷ்டம் யார் தலையில் விழுந்தது என்பதுதான் கேள்வி. சுர்கூஃப் பிடித்த மற்றவை பெரும்பாலும் இந்தியத் துறைகளுக்கு இடையே ஓடிய நடுத்தரக் கப்பல்கள். இந்த ரகக் கப்பல்களில் பார்சிகளும் ஆர்மீனியர்களும் முஸ்லிம் வணிகர்களும் தனியார் ஆங்கிலேயரும் பணம் போட்டிருந்தார்கள். பாய் இழுத்தவர்கள் லஸ்கர்கள், நம் கரையோர மக்கள். சரக்கு, பல சமயம், அரிசி. 1795இல் தொடங்கிய அந்த முதல் வேட்டையிலேயே அரிசிக் கப்பல்கள் சிக்கின. 1807இல் ‘ரெவனான்’ கப்பலில் அவர் திரும்பி வந்து வங்கக் கடலில் வேட்டையாடியபோதும் அரிசிக் கப்பல்கள் சிக்கின. 1807 சென்னைக்குப் பஞ்ச வருஷம், வங்காளத்து அரிசி கடல் வழியாக வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். ‘வங்கக் கடலின் விடுதலை வீரர்’ என்று கைதட்டுகிறவர்கள் அந்த மூட்டைகளையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.

விடுதலை என்ற சொல் வந்துவிட்டதால் இன்னொன்று. 1794 பிப்ரவரியில் பாரிஸின் புரட்சி அரசு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. இல் து பிரான்ஸின் தோட்ட முதலாளிகள் அதை ஏற்கவில்லை. 1796இல் சட்டத்தை அமல்படுத்த வந்த பாக்கோ, புர்னெல் என்ற இரு அரசுப் பிரதிநிதிகளைக் கப்பலேற்றித் துரத்திவிட்டார்கள். அந்தத் தீவின் சூழலில் சுர்கூஃப் ‘கிரியோல்’ என்ற கப்பலின் தலைவராக ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிவந்து விற்றவர், அதுவும் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு. இந்த ஒரு தகவலோடு அந்தப் பட்டத்தை யாராவது சேர்த்துப் படித்தால் போதும். நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, அந்தப் பத்து வருஷத்தை அவருக்குக் “கிடைக்க” விடாமல் செய்தது யார்? ஒருவருமில்லை. லார்ட் நெல்சன் மூழ்கிய அதே 1808 நவம்பரில் அவராகவே கப்பலேறிச் சேன் மாலோவுக்குப் போய்விட்டார். கையில் போதுமான பணம் இருந்தது, ஊரில் கப்பல் முதலாளி ஆனார், 1827இல் படுக்கையில் இறந்தார். அவர் விட்டுப்போன தீவை 1810 டிசம்பரில் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படையெடுப்பில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள், படையை ஏற்றிச் சென்றவற்றில் ஏராளம் வணிகக் கப்பல்கள். பிரைவேட்டியர் கூட்டை, அவர்கள் வேட்டையாடிய கப்பல்களே வந்து காலி செய்தன.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்து நின்ற பாய்க்கப்பலின் கதைதான் மேடைக்கு வேண்டும் என்றால், ஒன்று தருகிறேன். ‘வின்டம்’ என்ற கம்பெனிச் சரக்குக் கப்பல். 1809 நவம்பரில் வங்கக் கடலில் பிரெஞ்சுக் கடற்படை பிடித்தது. மொரீஷியஸ் சேரும் முன்பே ஆங்கிலேயர் மீட்டார்கள். 1810 ஜூலையில் மறுபடி பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், ஆகஸ்டில் மறுபடி மீட்கப்பட்டது. பிறகும் பல வருஷம் தேயிலையும் துணியும் சுமந்தது. 1818இல் அதைத் தென்னமெரிக்காவில் ஸ்பெயினுக்கு எதிராக விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த சிலி நாடு விலைக்கு வாங்கி, ஸ்பானியரை எதிர்த்த பழங்குடித் தலைவர் லவுதாரோவின் பெயரைச் சூட்டியது. அந்த ஏப்ரலிலேயே அது வல்பரைசோவுக்கு வெளியே ஸ்பெயினின் ‘எஸ்மரால்டா’ போர்க்கப்பல் மீது மோதியது. அதன் தலைவர் ஜார்ஜ் ஓ’பிரையன் எதிரியின் தளத்தில் குதித்து அங்கேயே உயிர் விட்டார். எஸ்மரால்டா தப்பியது, ஆனால் அந்தத் துறைமுகத்தை அடைத்திருந்த ஸ்பானிய முற்றுகை உடைந்தது.